லவுஞ்சில் லேப்டாப், பின்னறையில் டெஸ்க்டாப்: கன்ட்ரோலரை எதில் சேர்ப்பது?

ஃபீனிக்ஸ்_அப்பா (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். முதலில் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

கேம் ஓடும் டெஸ்க்டாப் வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டடமான அவுட்பில்டிங்கில் இருக்கிறது. டர்பன் கோடையில் அந்தச் சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் வீட்டுக்குள் வைக்க வீட்டம்மா சம்மதிக்கவில்லை, அவர் சொல்வதும் நியாயம்தான். லவுஞ்சில் டிவி, அதில் எச்டிஎம்ஐ வழியாக ஒரு பழைய லேப்டாப். டெஸ்க்டாப்பில் கேம் படத்தை அனுப்பும் சன்ஷைன், லேப்டாப்பில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட். இரண்டுக்கும் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்தாயிற்று. படம் கண்ணாடி மாதிரி வருகிறது.

தொல்லை எல்லாம் கன்ட்ரோலரில்தான். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் இரண்டு, லேப்டாப்பில் புளூடூத்தில் சேர்த்திருக்கிறேன். அவற்றை விண்டோஸுக்குப் புரியவைக்க டிஎஸ்4விண்டோஸ் போட்டிருக்கிறேன். மெனுவில் கீழ் அம்பை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு வரி இறங்குகிறது. கால்பந்து கேமில் பாஸ் கொடுத்தால், பந்தை வாங்கியவனும் அதே வேகத்தில் வேறு யாருக்கோ தட்டிவிடுகிறான். பையனும் மகளும் சேர்ந்து ஆடினால் இன்னும் மோசம். மகள் கையில் இருப்பது சில நேரம் 3-ஆம் ஆட்டக்காரர் என்று காட்டுகிறது. வீட்டில் இருப்பதே இரண்டு கன்ட்ரோலர்!

நெட்வொர்க் லேக் காரணமாக ஒரே அழுத்தம் இரண்டு தடவை போகிறதா? தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குள் சரியானால் புண்ணியமாகப் போகும்.

---

பின்கட்டு_சர்வர் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

//நெட்வொர்க் லேக் காரணமாக ஒரே அழுத்தம் இரண்டு தடவை போகிறதா?//

இல்லை அண்ணா. நெட்வொர்க் மோசமானால் அழுத்தம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். இரட்டையாகாது. கன்ட்ரோலரிலிருந்து போகும் தகவல் சில பத்து பைட்டுதான். உங்கள் வீட்டில் 1080 படம் தடையில்லாமல் ஓடும்போது அந்தத் துளித் தகவலுக்கு இடமில்லாமல் போக வாய்ப்பே இல்லை.

நடப்பது என்னவென்றால், உங்கள் கன்ட்ரோலர் டெஸ்க்டாப்புக்குப் போவதே இல்லை. எந்தப் பட்டன் கீழே இருக்கிறது, ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற நிலையை மட்டும் லேப்டாப்பில் மூன்லைட் படித்து அனுப்புகிறது. அந்தப் பக்கம் சன்ஷைன் அதை வாங்கி, விஜெம்பஸ் என்ற டிரைவரின் உதவியால் ஒரு போலி கன்ட்ரோலரை உண்டாக்குகிறது. யுஎஸ்பியில் நிஜமாகவே ஒன்று மாட்டியிருப்பதாக விண்டோஸும் நம்பிவிடுகிறது. கேமுக்குத் தெரிவது அந்தப் போலி மட்டும்தான். கேம் வாங்கி ஓட்டும் ஸ்டீம் புரோகிராமின் ரிமோட் பிளேயும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது, போலியை உண்டாக்கும் டிரைவர் மட்டும் ஸ்டீமோடு வருகிறது.

ஆகவே எத்தனை மில்லி விநாடி தாமதம் என்று ஆராயாதீர்கள். எந்த மெஷினுக்கு எத்தனை கன்ட்ரோலர் தெரிகிறது என்று எண்ணுங்கள். ஸ்ட்ரீம் ஓடும்போதே டெஸ்க்டாப்பின் விண்டோஸ் தேடலில் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர் என்று தட்டுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து முகத்தோடு ஒரு சின்ன சன்னல் திறக்கும். அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு லேப்டாப்பிலும் அதையே திறந்து பாருங்கள்.

---

நேரடி_கேபிள் (சட்ஸ்வர்த்)

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள். அவுட்பில்டிங்குக்கும் லவுஞ்சுக்கும் நடுவே ஒரு சுவர்தானே? கன்ட்ரோலரை நேராக டெஸ்க்டாப்பின் புளூடூத்திலேயே சேர். படம் மட்டும் லேப்டாப்புக்கு வரட்டும். போலியும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். என் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. வைப்ரேஷன், டச்பேட் எல்லாம் அப்படியே வேலை செய்கிறது.

---

ஃபீனிக்ஸ்_அப்பா

சர்வர் தம்பி, எண்ணிப் பார்த்தேன். லேப்டாப்பில் 4. டெஸ்க்டாப்பிலும் 4. கையில் இருப்பது இரண்டு.

---

பின்கட்டு_சர்வர்

அதேதான். டிஎஸ்4விண்டோஸின் வேலையே பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைப் படித்து, அதற்கு ஒரு எக்ஸ்பாக்ஸ் போலியை உண்டாக்குவது. ஆக லேப்டாப்பிலேயே நிஜம் இரண்டு, போலி இரண்டு. மூன்லைட்டுக்கு எது நிஜம் என்று தெரியாது. நான்கையும் அனுப்புகிறது. அந்தப் பக்கம் சன்ஷைன் நான்குக்கும் நான்கு போலியை வரிசையாக நிறுத்துகிறது. போலிக்கும் போலி! ஒரு அழுத்தம் இரண்டாக எண்ணப்படுவதும், மகள் 3-ஆம் ஆட்டக்காரர் ஆவதும் இதனால்தான்.

மூன்லைட்டுக்கு பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை நேரடியாகவே தெரியும். ஸ்ட்ரீமுக்கு டிஎஸ்4விண்டோஸ் தேவையே இல்லை. மூடிவிடுங்கள். மூடினால் மட்டும் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகானாக ஒளிந்திருக்கும், அங்கேயும் வலது கிளிக் செய்து வெளியேற்றுங்கள். வேறு காரணத்துக்காக அது கட்டாயம் வேண்டுமென்றால் ஹிட்ஹைட் (HidHide) என்ற டிரைவரைச் சேர்த்து நிஜக் கன்ட்ரோலரை மற்ற புரோகிராம்களின் கண்ணில் படாமல் மறைக்கலாம். உங்களுக்கு அந்த வம்பு வேண்டாம்.

---

ஃபீனிக்ஸ்_அப்பா

மூடிவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் 2. கால்பந்தில் பாஸ் ஒழுங்காகப் போகிறது, மகள் 2-ஆம் ஆட்டக்காரராக நிலைத்துவிட்டாள். மெத்த நன்றி தம்பி.

ஒன்று மட்டும் மிச்சம். பையன் ஆடும் சாகச கேமின் மெனுவில் அம்பு இன்னும் இரண்டு வரி தாண்டுகிறது. ஆட்டத்துக்குள் போனால் சரியாக இருக்கிறது. மெனுவில் மட்டும்தான்.

---

லெனேசியா_அக்கா (ஜோஹன்னஸ்பர்க்)

தம்பி, லேப்டாப்பில் ஸ்டீம் பின்னணியில் திறந்திருக்கிறதா? இருந்தால் அதுதான்.

ஸ்டீமில் டெஸ்க்டாப் லேஅவுட் என்று ஒரு வசதி உண்டு. கேம் எதுவும் முன்னால் இல்லாதபோது கன்ட்ரோலரை மவுஸாகவும் கீபோர்டாகவும் மாற்றிவிடும், சோபாவில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரை நகர்த்தட்டும் என்று. லேப்டாப்பில் ஓடுவது மூன்லைட்தானே, ஸ்டீமின் கண்ணுக்கு அது கேம் அல்ல. ஆகவே நீங்கள் கீழ் அம்பை அழுத்தும்போது கன்ட்ரோலரின் அம்பு ஒரு வழியில் போகிறது, ஸ்டீம் உண்டாக்கிய கீபோர்டு அம்பு இன்னொரு வழியில் போகிறது. மூன்லைட் கீபோர்டையும் சேர்த்துத்தான் அனுப்பும். பல கேம்களின் மெனு இரண்டையும் ஏற்கும். ஆட்டத்துக்குள் அந்த அம்புக்கு வேலை இல்லாததால் அங்கே தெரியவில்லை.

சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் ஸ்டீமை முழுதாக மூடுங்கள் (இல்லாவிட்டால் அதுவும் தன் பங்குக்கு மாற்றும்). ஸ்ட்ரீம் வழியாக நோட்பேடைத் திறந்து நான்கு வரி தட்டிவைத்து, கன்ட்ரோலரின் அம்பை அழுத்துங்கள். கர்சர் வரிக்கு வரி இறங்கினால் போய்ச் சேருவது கீபோர்டு. கன்ட்ரோலர் மட்டும் போனால் நோட்பேட் அசையாமல் கிடக்கும்.

கண்டுபிடித்த பிறகு லேப்டாப்பில் ஸ்டீமை மூடினால் போதும். மூட மனமில்லை என்றால் ஸ்டீம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் டெஸ்க்டாப் லேஅவுட்டை அணைத்துவிடலாம்.

---

ஃபீனிக்ஸ்_அப்பா

கர்சர் இறங்கியது அக்கா! லேப்டாப்பில் ஸ்டீம் தானாகவே திறந்துகொள்கிறது, அதை நிறுத்திவிட்டேன். மெனு சரியாகிவிட்டது.

---

நேரடி_கேபிள்

எல்லாம் சரி. ஆனால் பாருங்கள், ஒரு சாதாரண ஆள் கேம் ஆட இத்தனை ஐகானை மூடவேண்டியிருக்கிறது. நான் சொன்னபடி நேராக டெஸ்க்டாப்பில் சேர்த்திருந்தால் இந்த எண்ணுகிற வேலையே வந்திருக்காது. தாமதமும் குறைவு. கன்ட்ரோலரிலிருந்து லேப்டாப், லேப்டாப்பிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப் என்று மூன்று இடத்தில் இறங்கி ஏறுவதற்குப் பதில் ஒரே தாவல்.

---

பின்கட்டு_சர்வர்

//தாமதமும் குறைவு//

குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு? கேபிள் போட்ட வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. விநாடிக்கு 60 பிரேமில் ஆடினால் ஒரு பிரேமே 16.7 மில்லி விநாடி. மிச்சம் பிடிப்பது அதில் ஒரு துணுக்கு. தாமதத்தின் பெரும்பகுதி படம் திரும்பி வரும் வழியில் இருக்கிறது: டெஸ்க்டாப் படத்தைச் சுருக்கவேண்டும், லேப்டாப் விரிக்கவேண்டும், டிவி காட்டவேண்டும். கன்ட்ரோலரை எதில் சேர்த்தாலும் அந்த வழி மாறாது.

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணா, டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் சில டிவிகள் படத்தை மெருகேற்றுகிறேன் என்று 100 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலர் மந்தமாக இருக்கிறது என்று இங்கே வரும் புகார்களில் நிறைய உண்மையில் டிவி புகார்கள். ரிமோட்டில் ஒரு பட்டனில் முடிகிற காரியம்.

---

லெனேசியா_அக்கா

இரண்டு பேரும் ஒரே வீட்டை மனதில் வைத்துப் பேசவில்லை. கேபிள் மாமா வீட்டில் டெஸ்க்டாப் பக்கத்து அறையில் இருக்கும் போல. ஃபீனிக்ஸ் தம்பிக்கு அவுட்பில்டிங். நம் ஊர் வீடுகள் செங்கல் சுவர், வெளிச்சுவர் என்றால் பெரும்பாலும் இரட்டைச் செங்கல். புளூடூத் திறந்த வெளியில் 10 மீட்டர் போகும் என்பார்கள். நடுவில் இரண்டு சுவரும் ஒரு ஃபிரிட்ஜும் வந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

அது அறுந்துபோகும் விதமும் எரிச்சலானது. படம் அறுந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், உடனே புரிந்துவிடும். கன்ட்ரோலர் சிக்னல் அறுந்தால் கடைசியாக அனுப்பிய நிலை அப்படியே நின்றுவிடும். ஸ்டிக்கை விட்டுவிட்டீர்கள், ஆனால் உங்கள் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பான். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் புளூடூத்தும் அதுவும் ஒரே அலைவரிசையில் நெரிசல்படும். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கோ கேபிளுக்கோ மாற்றுவது கன்ட்ரோலருக்கும் செய்யும் உதவிதான்.

புளூடூத் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். 2012-லேயே இன்டெல் இதை ஒரு அறிக்கையாக எழுதிவைத்திருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க் செருகிய போர்ட்டுக்கு ஒட்டினாற்போல் டாங்கிளைச் செருகினால் கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்யும். ஒரு சின்ன யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசைக்கு மேல் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என் தீர்ப்பு: இரண்டு அறை தள்ளி என்றால் லேப்டாப்பில் சேருங்கள். சுவர் ஒன்றுதான், பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரின் இறுகும் ட்ரிகர் வேண்டும் என்றால் மாமா வழி, ஆனால் பெரும்பாலான கேம்களில் அந்த ட்ரிகர் புளூடூத்தில் வராது, யுஎஸ்பி கேபிளில்தான் வரும். அந்த ட்ரிகருக்கு டெஸ்க்டாப்பில் நிஜக் கன்ட்ரோலரே தெரியவேண்டும். விண்டோஸில் சன்ஷைன் உண்டாக்கும் போலி எக்ஸ்பாக்ஸ் 360 ஆகவோ பிளேஸ்டேஷன் 4 ஆகவோதான் இருக்கும், அவற்றில் அந்த ட்ரிகர் கிடையாது.

---

நேரடி_கேபிள்

என் டெஸ்க்டாப் பக்கத்து அறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜ் நடுவில் இல்லை :)

---

புதுவரவு_மதுரை (கேப் டவுன்)

அண்ணா, அக்கா, இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாடகை வீட்டில் ஃபைபர் இல்லை, சிம் போடும் ரவுட்டர்தான். டேட்டா விலை உங்களுக்கே தெரியும். அறையிலிருந்து ஹாலுக்கு ஸ்ட்ரீம் செய்தால் டேட்டா எவ்வளவு போகும்?

---

பின்கட்டு_சர்வர்

ஒன்றும் போகாது தம்பி. மூன்லைட் 1080, 60 பிரேமுக்குத் தானாக வைத்துக்கொள்வது விநாடிக்கு 20 மெகாபிட். மணிக்கு சுமார் 9 ஜிபி. கேட்டால் வயிறு கலங்கும். ஆனால் அது முழுவதும் ரவுட்டருக்கு இந்தப் பக்கமே சுற்றி வருகிறது, சிம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. டவர் விழுந்து இன்டர்நெட்டே இல்லாமல் போனாலும் ஸ்ட்ரீம் ஓடும். கேமுக்கு இன்டர்நெட் வேண்டுமா என்பது வேறு கேள்வி, ஸ்டீமை ஆஃப்லைன் மோடில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

டேட்டாவைத் தின்பது கேமை இறக்குவதுதான். அதற்கும் வழி உண்டு. ஒரு மெஷினில் ஏற்கெனவே இருக்கும் கேமை வீட்டு நெட்வொர்க் வழியாகவே இன்னொரு மெஷினுக்கு மாற்றும் வசதியை ஸ்டீம் 2023-ல் கொண்டுவந்தது. டவுன்லோட்ஸ் பகுதியில் இருக்கிறது. நண்பர் டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால்கூட இரண்டு பேரும் ஒரே ரவுட்டரில் இருந்து மாற்றிக்கொள்ளலாம்.

---

புதுவரவு_மதுரை

அப்பாடா. நன்றி அண்ணா. இன்னொன்று: கேபிள் இழுக்க வீட்டு ஓனர் விடமாட்டார். மின்சார வயர் வழியாகவே நெட்வொர்க் அனுப்பும் அடாப்டர் வாங்கலாமா?

---

நேரடி_கேபிள்

வாங்கலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கும் கடையில் வாங்கு. லோட்ஷெட்டிங் என்று முறைவைத்துக் கரன்ட்டை நிறுத்திய காலத்தில் நம் ஆட்கள் எல்லாரும் வீட்டில் எதையாவது மாட்டிவைத்தோம். 2023 எப்படி இருந்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. இன்வெர்ட்டருக்கு என்று தனி லைன், யுபிஎஸ், ஒவ்வொரு பிளக்கிலும் சர்ஜ் புரொடெக்டர். இப்போது கரன்ட் ஒழுங்காக இருந்தாலும் அவற்றை யாரும் கழற்றவில்லை. அந்த அடாப்டரை சர்ஜ் புரொடெக்டரிலோ யுபிஎஸ்ஸிலோ செருகினால் சிக்னலை அது வடிகட்டிவிடும். சுவர் பிளக்கில் நேராகச் செருகவேண்டும். இரண்டு அறையும் வேறு வேறு லைனில் இருந்தால் வேகம் படுத்துவிடும்.

---

ஃபீனிக்ஸ்_அப்பா

கரன்ட் பேச்சு வந்ததால் கேட்கிறேன். கரன்ட் போய்த் திரும்பி வந்தால் மூன்லைட்டில் டெஸ்க்டாப் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. அவுட்பில்டிங்குக்கு நடந்துபோய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

---

பின்கட்டு_சர்வர்

ரவுட்டர் மறுபடி எழுந்ததும் டெஸ்க்டாப்புக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும், லேப்டாப் பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் டெஸ்க்டாப்புக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவைத்துவிடுங்கள், அதற்குப் பிறகு மாறாது. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுவதும் நல்லது. அப்புறம் வேக்-ஆன்-லேன் போட்டுக்கொண்டால் தூங்கும் டெஸ்க்டாப்பை மூன்லைட்டிலிருந்தே எழுப்பலாம். அந்த நடை மிச்சம்.

---

லெனேசியா_அக்கா

அவுட்பில்டிங்குக்குப் போகும் அந்த கேபிள் வெளியில், சுவர் மேல் போகிறதா? டர்பனில் எப்படியோ, இங்கே ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கோடை மதியம் இடி இடித்தால் நெட்வொர்க் போர்ட் போய்விடும். பக்கத்தில் எங்கோ இறங்கிய மின்னலுக்கே நீளமான செம்புக் கம்பியில் வோல்டேஜ் ஏறும். எங்கள் தெருவில் ரவுட்டர், டிவி, கேட் மோட்டார் என்று ஒரே இடியில் எல்லாம் போன வீடுகள் உண்டு. கட்டடத்துக்குக் கட்டடம் போவதென்றால் ஒரு துண்டு ஃபைபரும் இரண்டு முனையிலும் ஒரு மாற்றியும் போடுவதுதான் என் வழி, கண்ணாடி இழையில் மின்னல் போகாது. அது முடியாவிட்டால் இருட்டிக்கொண்டு வரும்போது கழற்றிவையுங்கள்.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன், நிர்வாகி மன்னிக்கவும்.

---

இழை_நிர்வாகி

பயனுள்ள விலகல், இருக்கட்டும். எந்தக் கடையில் கன்ட்ரோலர் மலிவு என்ற சண்டையை மட்டும் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

---

கயலாமி_வளைவு (மிட்ராண்ட்)

தாமதமாக வந்தேன். என் சிக்கல் வேறு. கன்ட்ரோலர் இல்லை, ஸ்டியரிங் வீல். லாஜிடெக் ஜி29. வீடு கயலாமி டிராக்குக்குப் பக்கம். ஃபார்முலா 1 இங்கே கடைசியாக 1993-ல் ஓடியது, நான் கேமிலாவது ஓட்டிக்கொள்கிறேன். வீல் ஹாலில், டெஸ்க்டாப் மாடியில். மூன்லைட்டில் கார் போகிறது, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் வீல் ஏதோ கன்ட்ரோலரின் ஸ்டிக் மாதிரி நடந்துகொள்கிறது. கொஞ்சம் திருப்பினாலும் வண்டி பாய்கிறது. கையில் அந்த எதிர்விசை சுத்தமாக இல்லை.

---

பின்கட்டு_சர்வர்

மேலே சொன்ன அதே காரணம்தான் அண்ணா. நிலையை மட்டும் அனுப்பி அந்தப் பக்கம் எக்ஸ்பாக்ஸ் போலியை உண்டாக்குகிறது அல்லவா? எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு இருப்பது இரண்டு ஸ்டிக், இரண்டு ட்ரிகர், சில பட்டன். 900 டிகிரி திரும்பும் வீலை அதற்குள் அடைத்தால் ஸ்டிக்காகத்தான் வரும். கேமிலிருந்து திரும்பி வருவது அதிர்வு மட்டும், எதிர்விசைக்கு அதில் வழியே இல்லை.

உங்களுக்குத் தேவை நிலையை அனுப்புவது அல்ல, யுஎஸ்பி சாதனத்தையே அனுப்புவது. விர்ச்சுவல்ஹியர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது, ஒரு சாதனத்துக்கு இலவசம். பெயர்கள் தலைகீழாகத் தோன்றும், கவனம்: வீல் மாட்டியிருக்கும் ஹால் மெஷினில் அதன் சர்வரைப் போடவேண்டும், மாடி டெஸ்க்டாப்பில் கிளையன்ட்டை. கிளையன்ட்டில் வீலின் பெயர் மேல் வலது கிளிக் செய்து உபயோகப்படுத்து என்றதும், மாடியில் யுஎஸ்பி செருகிய சத்தமே கேட்கும். லாஜிடெக் டிரைவர் மாடியில்தான் இருக்கவேண்டும், ஹாலில் வேண்டாம்.

வைஃபையில் இதை முயலாதீர்கள். யுஎஸ்பி சாதனம் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கேள்வி பதிலாகப் பேசும், நெட்வொர்க் தடுமாறினால் வீல் கையில் உதறும். கேபிள் கட்டாயம்.

---

கயலாமி_வளைவு

போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கேபிள் இருக்கிறது.

---

சக்கரை_ஆலை (டொங்காட்)

இழையை முழுக்கப் படித்தேன், என் சிக்கல் எதிலும் இல்லை. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர், டிஎஸ்4விண்டோஸ் இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றுதான் காட்டுகிறது. ஸ்டீம் கேம் எல்லாம் ஓடுகிறது. ஸ்டீமுக்கு வெளியே நிறுவிய ஒரு பழைய கேமில் மட்டும் கன்ட்ரோலர் இருப்பதாகவே தெரியவில்லை.

---

லெனேசியா_அக்கா

உங்களுக்கு எண்ணிக்கை சரி, வேஷம்தான் தப்பு. நீங்கள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் வைத்திருப்பதைப் பார்த்து சன்ஷைன் அங்கேயும் பிளேஸ்டேஷன் போலியை உண்டாக்கியிருக்கும். ஸ்டீம் கேமில் ஸ்டீம் இன்புட் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. வெளியே உள்ள பழைய கேமுக்கு எக்ஸ்இன்புட் மட்டுமே தெரிந்திருக்கும், அதாவது 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360-ஓடு வந்த முறை. அதற்கு எக்ஸ்பாக்ஸ் தவிர வேறு கன்ட்ரோலர் உலகத்திலேயே இல்லை.

டெஸ்க்டாப்பில் சன்ஷைனின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இன்புட் பகுதியில் கன்ட்ரோலர் வகையை எக்ஸ்பாக்ஸ் 360 என்று மாற்றுங்கள். ஸ்ட்ரீமை முடித்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். டச்பேடும் கன்ட்ரோலரைச் சாய்த்துக் குறிபார்ப்பதும் போய்விடும், அதுதான் விலை. அல்லது அந்தப் பழைய கேமையும் ஸ்டீமில் வெளிக் கேமாகச் சேர்த்து அங்கிருந்து தொடங்குங்கள், டச்பேடு பிழைக்கும்.

நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

---

சக்கரை_ஆலை

இரண்டாவது வழி வேலை செய்தது. நன்றி அக்கா.

---

ஃபீனிக்ஸ்_அப்பா

கடைசியாக ஒன்று. அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர், அவர்களுக்குச் சொந்தமாக எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. என் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்தால் 5. ஐந்தும் ஒரே லேப்டாப்பில் போகுமா? இன்னொன்று, டெஸ்க்டாப்பில் ஒரு பழைய யுஎஸ்பி கன்ட்ரோலர் எப்போதும் செருகியே இருக்கிறது. அது இருக்கட்டுமா?

---

பின்கட்டு_சர்வர்

முதலில் அந்தப் பழையதைக் கழற்றுங்கள். அது எக்ஸ்பாக்ஸ் வகை என்றால் 1-ஆம் இடத்தை அதுவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரே ஆள் ஆடும் கேம் பலவும் 1-ஐ மட்டும்தான் கேட்கும், நீங்கள் இங்கே அழுத்திக்கொண்டே இருப்பீர்கள், அங்கே ஒன்றும் நடக்காது.

எக்ஸ்இன்புட்டில் 4 பேருக்குத்தான் இடம். ஐந்தாவது கன்ட்ரோலரை மூன்லைட் அனுப்பினாலும் கேம் பார்க்காது. கால்பந்து கேம் கீபோர்டையும் ஓர் ஆட்டக்காரராக ஏற்கும் என்றால், லேப்டாப் கீபோர்டே ஐந்தாவது.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஒன்று பாருங்கள்: புளூடூத் வந்தது 2016-ல், எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸோடுதான். அதற்கு முந்தையது என்றால் புளூடூத்தில் சேராது, தனி அடாப்டரோ யுஎஸ்பி கேபிளோ வேண்டும். அந்தப் பழைய வகையில், எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றி இருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் கன்ட்ரோலரின் உடம்போடு சேராமல், தோள் பட்டன்கள் இருக்கும் மேல் தகடோடு ஒட்டியிருக்கும். கேபிளும் டேட்டா போகும் கேபிளாக இருக்கவேண்டும். போனோடு வரும் சிலதில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், கன்ட்ரோலர் விளக்கு எரியும், லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியாது.

---

நேரடி_கேபிள்

நான்கு பேரையும் புளூடூத்தில் ஏற்றாதே. அந்தப் பழைய லேப்டாப்பின் புளூடூத் திணறும். இரண்டு பேர் புளூடூத், இரண்டு பேர் கேபிள். கேபிள் யாருக்கு என்று பிள்ளைகளே அடித்துக்கொள்ளட்டும்.

---

லெனேசியா_அக்கா

இதில் மாமா சொல்வதுதான் சரி. யார் 1, யார் 2 என்பது எந்த வரிசையில் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்ட்ரீம் தொடங்கியதும் வயது வாரியாக ஒவ்வொருவராக ஆன் செய்யச் சொல்லுங்கள். நடுவில் ஒருவருக்கு பேட்டரி தீர்ந்து மறுபடி வந்தால், அவர் விட்டுப்போன எண்ணே காலியாக இருப்பதால் பெரும்பாலும் அதிலேயே வந்து உட்காருவார். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தீர்ந்தால்தான் எண் மாறும். அப்படி மாறினால் கேமை மூடவேண்டியதில்லை, அந்த இரண்டையும் அணைத்து வரிசைப்படி மறுபடி ஆன் செய்தால் போதும்.

---

கயலாமி_வளைவு

விர்ச்சுவல்ஹியர் ஓடுகிறது. மாடியில் சத்தம் கேட்டது, லாஜிடெக் புரோகிராமில் வீல் படமே வந்துவிட்டது. எதிர்விசை இருக்கிறது, ஓரத்தில் சக்கரம் ஏறினால் கை நடுங்குகிறது. மூன்லைட்டையும் கூடவே ஓடவிட்டதில் முதலில் கேமில் இரண்டு வீல் தெரிந்தது, ஹால் லேப்டாப்பில் அது இன்னும் கன்ட்ரோலராகப் போய்க்கொண்டிருக்கிறதோ என்று பார்த்தேன். கேமின் பட்டியலில் எக்ஸ்பாக்ஸ் என்று இருந்ததன் பட்டன்களை நீக்கியதும் சரி.

---

பின்கட்டு_சர்வர்

விர்ச்சுவல்ஹியரில் வீலை எடுத்துக்கொண்ட பிறகு மூன்லைட்டைத் தொடங்குங்கள் அண்ணா. அப்போது லேப்டாப்பின் பட்டியலிலிருந்து வீல் ஏற்கெனவே போயிருக்கும், மூன்லைட்டுக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. நீக்கும் வேலையும் மிச்சம்.